முகூர்த்தம் முடிந்து வந்த பார்சல்

தாம்பூலப் பையில் மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் அச்சடித்துத் தருவது இன்று தமிழ்நாட்டில் நன்றாக ஓடும் சிறுதொழில். இன்ஸ்டாகிராமில் மாதிரியைப் பார்த்து, வாட்ஸ்அப்பில் பெயரை அனுப்பி, ஜிபேயில் பாதிப் பணம் கட்டினால் ஐந்நூறு பை வீடு தேடி வந்துவிடும். சில சமயம் முகூர்த்தம் முடிந்த மறுநாள் வரும். அதன் பிறகு அந்தப் பையை வாங்கியவர் என்ன செய்வது? விற்றவர் திருப்பி வாங்கித்தான் என்ன செய்வார்? அதே பெயரில், அதே தேதியில் இன்னொரு ஜோடி கிடைக்கப் போவதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "கஸ்டமைஸ்டு ஐட்டம் சிஸ், ரிட்டர்ன் கிடையாது."

ஆரி வேலை செய்த ஜாக்கெட், பெயர் பொறித்த மோதிரம், அளவு கொடுத்துச் செய்யும் சோபா, ஜன்னல் திரை, முதல் பிறந்தநாளுக்குப் பெயர் போட்ட பேனர், நிறம் சொல்லி நெய்யும் காஞ்சிபுரம் பட்டு என்று எல்லாவற்றுக்கும் இதே பதில்தான் வருகிறது. பதிலைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நமக்காகவே செய்த பொருள், அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற தயக்கம் வாங்குபவர் மனத்திலேயே இருக்கிறது. ஆனால் சட்டத்தைப் புரட்டினால் அந்தப் பதிலுக்கு அவ்வளவு பலம் இல்லை.

இரண்டு வேறு விஷயங்கள் இதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. வாங்கிய பொருள் பிடிக்காமல் மனம் மாறித் திருப்பித் தருவது ஒன்று. சொன்ன நாளில் வராததால் வேண்டாம் என்பது இன்னொன்று. 'அளவெடுத்துச் செய்த பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை' என்ற விதி முதலாவதற்கு மட்டுமே உரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணையில் அதை எழுத்திலேயே பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரலாம் என்கிறது அந்த ஆணை. வாங்குபவரின் குறிப்புப்படி செய்த பொருளுக்கு இது பொருந்தாது என்றும் விலக்கு வைக்கிறது. இந்த விலக்கை ஐரோப்பிய நீதிமன்றம் கறாராகவே பார்க்கிறது. ஜெர்மனியில் ஒருவர் தன் வீட்டு அளவுக்குச் சமையலறை அலமாரிகளை ஆர்டர் செய்துவிட்டு, வேலை தொடங்கும் முன்பே பின்வாங்கினார். தொடங்காவிட்டாலும் பின்வாங்க முடியாது என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது.

ஆனால் அதே ஆணையில் வேறொரு பிரிவும் உண்டு. வேறு நாள் பேசியிருந்தால் ஒழிய, 30 நாளுக்குள் பொருள் கைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் வாங்கியவர் இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும். அதுவும் தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நாள்தான் முக்கியம் என்று முன்பே சொல்லியிருந்தால் அவகாசம்கூடத் தர வேண்டியதில்லை. இந்தப் பிரிவில் அளவெடுத்துச் செய்த பொருளுக்கு விலக்கு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1975 முதல் இருந்துவரும் அஞ்சல்வழி விற்பனை விதி இப்போது இணையத்துக்கும் பொருந்துகிறது. நாள் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாது என்று தெரிந்தால் விற்பவரே முன்வந்து, காத்திருக்கிறீர்களா, பணம் வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

இந்தியாவில் அந்த 14 நாள் உரிமை பொதுவிதியாகக் கிடையாது. இங்கே சில தளங்கள் தரும் ஏழு நாள், பத்து நாள் ரிட்டர்ன் எல்லாம் அவர்களே வைத்துக்கொண்ட வியாபார ஏற்பாடு. ஆகவே நம்மூர் விற்பனையாளர் 'கஸ்டமைஸ்டு' என்று சொல்லும்போது, இங்கே இல்லாத ஓர் உரிமைக்கு எங்கிருந்தோ ஒரு விலக்கைக் கொண்டுவந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில் நீட்டுகிறார்.

இங்கே இருப்பது வேறு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் மின்வணிக விதிகளும் வெளியாயின. அவற்றில் 6-ஆவது விதி ஆன்லைன் தளம் வழியாக விற்பவர் என்ன செய்யக் கூடாது என்று சொல்கிறது. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடியோ ஒப்புக்கொண்டபடியோ இல்லாவிட்டாலோ, சொன்ன டெலிவரி நாளுக்குப் பிந்தி வந்தாலோ, அதைத் திரும்ப வாங்கவும் பணத்தைத் தரவும் அவர் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. தானே சரக்கு வைத்து விற்கும் தளங்களுக்கும் 7-ஆவது விதி இதே கடமையை விதிக்கிறது. அளவெடுத்துச் செய்ததா, ரெடிமேடா என்ற பேச்சே இவ்விதிகளில் இல்லை. ஐரோப்பா கேட்கும் கூடுதல் அவகாசத்தைக்கூட நம் விதி கேட்கவில்லை. எழுத்தளவில் பார்த்தால், தாமதமான கஸ்டம் ஆர்டருக்கு இந்திய விதி ஐரோப்பிய விதியைவிட வாங்குபவர் பக்கம் அதிகமாகவே சாய்கிறது. இது கொஞ்சம் முரட்டு விதி என்றே எனக்குப் படுகிறது. ஒரே ஒரு நாள் பிந்தினாலும், அந்த நாளால் யாருக்கும் நஷ்டமில்லை என்றாலும், பெயர் பொறித்த பொருளைத் தையல்காரர் தலையில் கட்டிவிடலாம் என்று அது படிக்கப்படக்கூடும். நுகர்வோர் ஆணையங்கள் அப்படியே படிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டிலிருந்து விற்கும் அக்காவுக்கும் இது பொருந்துமா? தொழிலாக அல்லாமல், எப்போதாவது தனிப்பட்ட முறையில் விற்பவருக்கு இவ்விதிகள் பொருந்தா. தன் பழைய சைக்கிளை விற்பவரைப் போன்றவர்கள் அவர்கள். வாரம் பத்து ஜாக்கெட் தைத்து அனுப்பும் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வாட்ஸ்அப்பில் பேசி முடித்த விற்பனையில் தளம் எது, விற்பவர் யார் என்று விதியின் சொற்களுக்குள் வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தில் விற்பவர் ஜெயித்தாலும் தப்ப முடியாது. இணையம் வழியாகப் பணம் கொடுத்து வாங்குபவரையும் 2019 சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை ஒப்புக்கொண்டபடி செய்யாதது அந்தச் சட்டத்தில் சேவைக் குறைபாடு. ஒரே ஒரு எச்சரிக்கை: மறுவிற்பனைக்காகக் கடைக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர்.

எல்லாம் சரி, 'சொன்ன நாள்' எது? பெரும்பாலான வழக்குகள் உடைவது இந்த இடத்தில்தான். விற்பனைப் பக்கங்களைக் கவனித்தால் தெரியும். '15 வேலை நாளில் டிஸ்பேட்ச்' என்றுதான் போட்டிருக்கும். அனுப்பும் நாளைச் சொல்வார்கள், சேரும் நாளைச் சொல்ல மாட்டார்கள். ஞாயிறு, பண்டிகை விடுமுறை கழித்து 15 வேலை நாள் என்பது மூன்று வாரத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் கூரியர் எத்தனை நாள் எடுக்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். போதாததற்கு, அந்த 15 நாள் எப்போது தொடங்குகிறது? அட்வான்ஸ் கட்டிய அன்றா, அளவு அனுப்பிய அன்றா, டிசைனுக்கு 'ஓகே' சொன்ன அன்றா? அளவை வாங்கியவரே ஒரு வாரம் பிந்தி அனுப்பியிருந்தால் அந்த வாரத்தை விற்பவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

நாளே பேசாவிட்டால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 46-ஆவது பிரிவுக்குப் போக வேண்டும். நியாயமான காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்கிறது அது. எது நியாயமான காலம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. வீடு கட்டுவதில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒப்படைக்கும் நாள் எழுதப்படாத ஒரு மும்பை அடுக்குமாடி வழக்கில் மூன்றாண்டு நியாயமான காலம் என்றும், வாங்கியவரை முடிவில்லாமல் காத்திருக்க வைக்க முடியாது என்றும் 2018-இல் தீர்ப்பு வந்தது. ஜாக்கெட்டுக்கும் தாம்பூலப் பைக்கும் அப்படி ஓர் அளவுகோல் யாரும் வகுக்கவில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வைத்திருப்பது போல, நாள் சொல்லாவிட்டால் இத்தனை நாள் என்று ஓர் எண்ணை நம் மின்வணிக விதிகள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சொன்ன நாளுக்குப் பிந்தினால் கண்டிப்பு, நாளே சொல்லாதவருக்குச் சலுகை என்பது விசித்திரமான ஏற்பாடு. விவரமான விற்பனையாளர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லவே வேண்டாம்.

நாளை ஏன் வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதற்கு 1854-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹாட்லி - பாக்சன்டேல் வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவரும் படிக்கும் வழக்குதான். ஆனால் அது அளவெடுத்துச் செய்யும் பொருளின் தாமதம் பற்றியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. குளஸ்டரில் மாவு ஆலை ஒன்றின் இயந்திரத் தண்டு உடைந்துபோயிற்று. அதே அளவில் புதிதாக வார்க்க, உடைந்ததையே மாதிரியாகக் கிரீனிச்சில் இருந்த பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அதை எடுத்துப்போன பிக்ஃபோர்டு நிறுவனம் பல நாள் தாமதித்தது. அத்தனை நாளும் ஆலை ஓடவில்லை. இழந்த லாபத்தைக் கேட்டார்கள் ஆலைக்காரர்கள். கிடைக்காது என்றது நீதிமன்றம். மாற்றுத் தண்டு இல்லாமல் ஆலை நின்றுவிடும் என்ற தனிச் சூழ்நிலை வண்டிக்காரருக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரியாத நஷ்டத்துக்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்?

நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவில் உள்ளதும் இதே கோட்பாடுதான். வழக்கமாக நேரக்கூடிய நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இருவரும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு உண்டு. தூரத்து நஷ்டத்துக்கு இல்லை. '24-ஆம் தேதி ரிசப்ஷனுக்குப் போடப்போகிற ஜாக்கெட், 20-ஆம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வாங்க வேண்டிவரும்' என்று ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு செய்தி போட்டிருந்தால் கதையே வேறு. கடைசி நேரத்தில் தி.நகரில் ஓடி வாங்கிய ஜாக்கெட்டின் விலையையும் கேட்கலாம். செய்தி இல்லையென்றால் கொடுத்த பணத்துக்கு மேல் கேட்பது கஷ்டம். தாம்பூலப் பைக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. கல்யாணத் தேதி பையிலேயே அச்சாகியிருக்கிறது; எந்த நாளுக்குள் வேண்டும் என்று தெரியாது என விற்றவர் சொன்னால், அவர் அச்சடித்த சரக்கே எதிர்சாட்சி சொல்லும்.

இதே சட்டத்தின் 55-ஆவது பிரிவை வாங்குபவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. காலமே முக்கியம் என்ற ஒப்பந்தத்தில் காலம் தவறினால் மற்றவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அப்படி முறிக்காமல் பிந்தி வந்ததை ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே 'தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்பேன்' என்று தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் வாங்கிக்கொண்டால் பிறகு கேட்க முடியாது. நம் வழக்கமோ நேர்மாறானது. பார்சல் வந்ததும் ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, 'ரிசீவ்ட், தேங்க்ஸ்' என்று ஒரு கைகூப்பும் சின்னத்தோடு பதில் போடுகிறோம். பத்து நாள் கழித்து நுகர்வோர் ஆணையத்தைப் பற்றி யாரோ சொன்னதும் கோபம் திரும்பி வருகிறது. அதற்குள் அந்தக் கைகூப்பு எதிர்த்தரப்பு வக்கீலின் கோப்புக்குள் போயிருக்கும். இடையில் 'பரவாயில்லை, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்க' என்று சொல்வதும் 63-ஆவது பிரிவின்படி கால நீட்டிப்புதான். சொல்லக் கூடாது என்பதில்லை. வெள்ளி தாண்டினால் ஆர்டர் ரத்து, பணம் திரும்ப வேண்டும் என்ற வாக்கியத்தையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். ஆரி வேலை என்பது ஃபிரேமில் துணியை இறுக்கிக் கட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோத்துப் போவது. கல்யாண ஜாக்கெட்டின் ஒரு கைக்கே நாள் கணக்கில் ஆகும். உட்கார்ந்து செய்பவர் பெரும்பாலும் வீட்டு வேலைக்கு நடுவே செய்யும் பெண். அவருக்கு ஆர்டர் பிடித்துக் கொடுக்கும் பொட்டிக்கோ ஆவணியிலும் தையிலும் வந்த ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொள்ளும். தாமதத்தின் வேர் அனேகமாக ஊசியில் இல்லை, இந்தப் பேராசையில் இருக்கிறது. நெசவில் கதை இன்னும் சிக்கல். வாடிக்கையாளர் கேட்ட நிறத்துக்குச் சாயம் ஏற்ற வேண்டும், பாவு தயாராக வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டுப் பாவைக் காலை வெயிலில் தெருவில் நீள விரித்துக் கஞ்சி போட்டு நீவுகிறார்கள். மழை வந்தால் அந்த வேலை நின்றுபோகும். குழித்தறியில் ஈரம் ஏறும்.

அப்படியானால் மழை மனித சக்திக்கு மீறிய காரணமா? 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளத்தில் சிக்கியபோதும் பார்சல் வரவில்லை என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஐப்பசியில் அடைமழை பெய்வது அப்படியல்ல. வருஷா வருஷம் வருவதைக் கணக்கில் வைத்துத்தான் நாள் சொல்லியிருக்க வேண்டும். 'மாஸ்டர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டார்', 'மெஷின் ரிப்பேர்', 'ஆர்டர் அதிகம் மேடம்' என்ற வழக்கமான மூன்று காரணங்களும் இந்த விலக்குக்குள் வரமாட்டா. கூரியர் தாமதம் என்ற நாலாவது காரணம் சற்றுக் கனமானது. விற்பவர் அனுப்பும் நாளை மட்டும் சொல்லி அந்த நாளில் அனுப்பியும் இருந்தால், அதன்பின் ஏற்பட்ட தாமதத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று வாதிடுவார். சேரும் நாளைச் சொல்லியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் அவரோடு ஒப்பந்தம் செய்ததும் விற்றவர்தானே.

புகார் எங்கே, எப்படி? முதலில் தளத்தின் குறைதீர் அலுவலர். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும் என்பது விதி. அடுத்தது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரிய தளங்கள் இங்கேயே இறங்கி வந்துவிடும். இன்ஸ்டாகிராம் பக்கங்களிடம் இந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கும் வழி உண்டு. ஒருவரின் சொந்த எண்ணுக்கு யுபிஐயில் அனுப்பிய பணத்துக்கு அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. வீட்டுத்தொழில் கடைகள் எல்லாம் அந்த வழியில்தான் பணம் வாங்குகின்றன.

கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆன்லைனிலும் மனு போடலாம். முன்பு இ-தாக்கில் தளம், 2025 முதல் இ-ஜாக்ரிதி. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2019 சட்டம் செய்த பெரிய உபகாரம், வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்றது. சூரத்தில் இருக்கும் விற்பனையாளர் மேல் தென்காசியிலிருந்து வழக்குப் போடலாம். 'சூரத் நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டது' என்று பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

கிடைப்பது என்ன? வட்டியோடு பணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கும் ஈடு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இலேயே லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உறுதி செய்துவிட்டது. 2025-இல் அகமதாபாத் நுகர்வோர் ஆணையம், உறவினர் கல்யாணத்துக்குள் ஜாக்கெட்டைத் தைத்துத் தராத தையற்கடையை, வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்பி, நஷ்டஈடும் தரச் சொன்னது. அது நேரில் கொடுத்த ஆர்டர்தான். ஆன்லைனுக்கும் நியாயம் அதுவே. தொகைகள் சிறியவையாகவே இருக்கும். ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டாம். இரண்டாயிரம் ரூபாய் ஜாக்கெட்டுக்காக ஆணையப் படி ஏறுவது லாபமா என்று கேட்டால், கணக்குப்படி இல்லை. இது விற்பவர்களுக்கும் தெரியும். விதி கண்டிப்பாக இருந்தும் 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி தைரியமாக நிற்பது இதனால்தான்.

சாட்சியத்தைப் பொறுத்தவரை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வைப்பது நல்லது. தானாக அழியும் செய்தி வசதி இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும்போதே பார்க்க வேண்டும். குரல் பதிவில் நாள் சொன்னால், 'நீங்கள் சொன்னபடி 20-ஆம் தேதி' என்று எழுத்தில் ஒரு வரி பதில் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, முகவரி. பெயரும் புவியியல் முகவரியும் வெளியில் தெரிய வேண்டும் என்று விதி சொன்னாலும், பல பக்கங்களில் இருப்பது ஒரு செல்போன் எண் மட்டுமே. ஆணையம் அனுப்பும் நோட்டீஸ் போய்ச் சேர ஒரு கதவு வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராதவருக்கு 2019 சட்டத்தின் 72-ஆவது பிரிவில் சிறைத்தண்டனை வரை உண்டு; அதற்கும் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். பிந்தி வந்த பார்சலின் மேலுறையில் அனுப்புநர் முகவரி ஒட்டியிருக்கும். அன்பாக்ஸிங் வீடியோ எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை காட்டிவிட்டுக் கத்தரியை எடுக்கலாம்.